பிராசஸருக்கு ஒரு தாழ்ப்பாள்

என் அண்ணனுக்குச் சக்தி என்றால் உயிர். உடம்பில் இருக்கிற சக்தி இல்லை, அதைப் பற்றி அவனுக்கு அக்கறையே கிடையாது. கடையில் விற்கிற சக்தி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் மேனேஜர் வேலை, ஊழியர்களுக்குத் தள்ளுபடி வேறு உண்டு, கேட்கவா வேண்டும்? எங்கள் வீட்டு மிக்ஸியின் மோட்டாரை வைத்து ஓர் ஓட்டலையே நடத்தலாம். அண்ணி அதில் நாலு பல் பூண்டைப் போட்டு ஓட்டினால் மிக்ஸி மேடையை விட்டுக் கிளம்பிவிடும். ஒரு கை மூடியில், மறு கை மிக்ஸியின் இடுப்பில் என்று அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். ஹாலில் ஒரு டிரெட்மில் நிற்கிறது. பந்தயத்தில் ஓடுகிறவர்களுக்காகவே செய்ததாம். அதில் இதுவரை ஈரத் துண்டைத் தவிர வேறு யாரும் ஏறியதில்லை.

மனசுக்குள் நான் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் அட்டைப்பெட்டி. எதைக் கேட்டாலும் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை ஒப்பிப்பான். நேரில் கூப்பிடுவது என்னவோ அண்ணா என்றுதான். நான் மரியாதை தெரிந்தவள்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான். தட்டைவிட மெலிசு. பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல மேல் உறையை மெதுவாக விலக்கினான்.

"இதுக்குள்ள இருக்கற பிராசஸர் என்ன தெரியுமா? பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல போடறது. அதே சிப். அப்படியே தூக்கி இதுக்குள்ள வெச்சிருக்கான்."

"எதுக்கு?" என்றாள் அண்ணி.

"எதுக்குன்னா? சக்திக்கு!"

"அது சரி, சக்தி எதுக்கு? நீங்க இதுல கிரிக்கெட் ஸ்கோரு, மாமா சீட்டாட்டம், நான் எங்கம்மாகிட்ட பேசுவேன். இதுக்கு அவ்வளவு பெரிய சிப்பு வேணுமா?"

அண்ணி பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவள். அழுதுகொண்டு வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்ப்பதால் யாருடைய ஆவேசமும் அவளை அசைக்காது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"நீ சிரி. நாளைலேர்ந்து உன் வேலையெல்லாம் இதுலதான். வீடியோ எடிட்டிங் இதுல பறக்கும். உன் பெருசைத் தூக்கிக் காயலான் கடையில போட்டுடலாம்."

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தரகர் ஒருவர் விற்க வேண்டிய வீடுகளையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்புவார். நான் அவற்றை வெட்டி, ஒட்டி, சாய்ந்த சுவரை நிமிர்த்தி, கண்ணாடியில் தெரியும் தரகரின் தொப்பையை மறைத்து, பொந்து மாதிரி இருக்கும் அறையை அரண்மனை மாதிரி காட்டி அனுப்புவேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்த்து வெளியே எடுப்பதற்கு ரெண்டர் என்று பெயர். அதைச் செய்வது என் பழைய கம்ப்யூட்டர். பெரிய கறுப்புப் பெட்டி, ஓடினால் இரையும், கோடையில் அறையே அடுப்பாகிவிடும். அதைத்தான் வீட்டில் பெருசு என்பார்கள்.

பெருசு இருக்கும் இடம் என் அறை. ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த அறைதான். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கும் ஒரு ஜன்னல். ஆனால் கதவு உண்டு, உள்பக்கம் தாழ்ப்பாளும் உண்டு. குளியலறையை விட்டால் இந்த வீட்டில் உள்ளே தாழிட்டுக்கொண்டு ஒருத்தி தனியாக உட்காரக்கூடிய ஒரே இடம் அதுதான். எனக்கு முப்பத்து நாலு வயது. கல்யாணம் எப்போது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. அந்தக் கதவு மட்டும் இல்லையென்றால் எனக்கு எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

அதற்காக அந்தக் கதவை யாராவது மதித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் எதுவும் யாருக்கும் தனி கிடையாது. போன், சீப்பு, செருப்பு எதுவானாலும் கையில் கிடைத்தவர் எடுத்துக்கொள்வார். எந்தப் போனை எடுத்தாலும் நாலு பேருடைய விரல் ரேகையும் அதில் பதிந்திருக்கும். "நம்ம வீட்ல பாஸ்வேர்டே கிடையாது" என்று அண்ணன் விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொள்வான். அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி தாழ்ப்பாள் போட்டால் விடுவார்களா? தடதடவென்று தட்டுவார்கள். "உள்ள அப்படி என்ன ரகசியம்?" "வேலை இருக்கு, கொஞ்சம் பொறுங்க" என்றால், "பெரிய மகாராணி" என்பான் அண்ணன். தினமும் நடக்கிற கூத்து இது.

இப்போது அந்தக் கதவுக்கே வேட்டு.

"டேப்லெட்ல வேலை செய்யறதுக்கு ரூம் எதுக்கு?" என்றான். "சோபாவுல சாஞ்சுகிட்டு செய். பால்கனியில உட்கார்ந்து செய். ரூம் காலியாகும். டிரெட்மில்லை அங்க போட்டுடுவேன். தினம் ஓடப்போறேன்."

"ஓடிக் கிழிச்ச" என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். அண்ணி முகத்தில் ஒரு வெளிச்சம். அவள் எனக்கு எதிரி இல்லை. ஆனால் ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த டிரெட்மில்லில் அவளுடைய சுண்டு விரல் இடித்துக்கொள்ளாத நாளே கிடையாது.

"அண்ணா, சிப்பு பெருசா இருந்தா மட்டும் போதாது" என்றேன். "அந்தச் சிப்பை வேலை செய்ய விடணும். டேப்லெட்டோட சாஃப்ட்வேர் ஒரு நேரத்துல ஒரு வேலைக்குன்னு செஞ்சது. உள்ள எவ்வளவு சக்தி இருந்தாலும் அதைச் செலவழிக்க வழி இல்ல. நம்ம டிரெட்மில் மாதிரி."

கடைசி வார்த்தை தேவையில்லாததுதான். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அண்ணனுக்கு முகம் சிவந்தது. அட்டைப்பெட்டியை எடுத்து வந்து கணக்கு கணக்காகப் படித்தான். நானும் விடவில்லை. சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார்.

அப்பா ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். வேலை ஓய்ந்தாலும் விசில் ஓயவில்லை, அது இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது. வீடு அவர் பெயரில் இருக்கிறது, அதனால் தீர்ப்பும் அவருடையது. ஒரு விசில் ஊதினார். அண்ணி காதைப் பொத்திக்கொண்டாள்.

"வாய்ல ஓடாதீங்க. மைதானத்துல ஓடுங்க. ஒரே வேலை, ரெண்டு மெஷினு. எது முதல்ல முடிக்குதோ அந்த மெஷினோட ஆள் சொன்னபடி. வர்ற சனிக்கிழமை வெச்சுக்கலாம்."

"டேப்லெட் ஜெயிச்சா ரூம் எனக்கு" என்றான் அண்ணன்.

"பெருசு ஜெயிச்சா?" என்றேன்.

"ஜெயிச்சாத்தானே" என்றான் அவன். கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் சிரிக்கும் அதே சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை வரை அந்த டேப்லெட்டில் உண்மையாகவே வேலை செய்து பார்த்தேன். எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? சும்மா சொல்லக் கூடாது, அது பறந்தது. பெருசு முக்கி முனகித் திறக்கும் வீடியோக்களை அது அநாயாசமாகத் தள்ளிக்கொண்டு போனது. ஹார்ட் டிஸ்க்கைச் செருக ஒரு வால், சார்ஜருக்கு ஒரு வால், விரலே வீடியோவை மறைத்துக்கொள்வது என்று எரிச்சல்கள் இருந்தன. ஆனால் வேகம் என்று வந்தால் என் பெருசு கிட்டவே நெருங்க முடியாது. அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். அதற்குள் அப்பா கதவைத் தட்டி, மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாயா என்றார்.

அதன் பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. டேப்லெட்டில் ஒரு சின்ன ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தரகர் ஒரு செய்தி அனுப்பினார். பதில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ரெண்டர் செத்துக் கிடந்தது. 'இந்தச் செயலியைத் திறந்தே வைத்திருக்கவும்' என்று ஒரு வாசகம். மறுபடி முதலிலிருந்து. இன்னொரு முறை வேண்டுமென்றே வெளியே போய் வந்து பார்த்தேன். அதே கதை. அத்தனை பெரிய சிப்பு, ஆனால் ஒரு நிமிஷம் பார்வையை விலக்கினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. பெருசு அப்படி இல்லை. அதை ரெண்டரில் விட்டுவிட்டு நான் சினிமாகூடப் பார்ப்பேன். முனகும், ஆனால் வேலையை நிறுத்தாது.

இதை அண்ணனிடம் சொன்னேனா என்றால், இல்லை. அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்று நீங்களும் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை காலை தரகர் ஓர் அடுக்குமாடி வீட்டின் வீடியோவை அனுப்பியிருந்தார். பெரிய வீடு. அறைக்கு அறை கதவு, கதவுக்குக் கதவு பளபளவென்று தாழ்ப்பாள். வேலையை இரண்டு மெஷினிலும் ஒரே மாதிரி தயார் செய்தேன். ரெண்டர் ஒன்றுதான் பாக்கி.

"டேப்லெட் ஹால்லதான் ஓடணும்" என்றேன். "என்னை சோபாவுல உட்கார்ந்துதானே வேலை செய்யச் சொன்னே? அப்ப பந்தயமும் சோபாவுலயே நடக்கட்டும்."

"எங்க வெச்சு ஓடினா என்ன? பிராசஸர் அதேதானே!" என்றான் அண்ணன். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

சோபாவுக்கு முன்னால் ஒரு முக்காலி, அதன் மேல் டேப்லெட். பெருசு அறைக்குள். நான் இரண்டுக்கும் நடுவில், அறை வாசல்படியில். அப்பா கன்னம் உப்ப விசில் ஊதினார். அண்ணன் டேப்லெட்டிலும் நான் பெருசிலும் ஒரே நேரத்தில் விரல் வைத்தோம்.

டேப்லெட்டின் நீலக் கோடு விறுவிறுவென்று ஓடியது. பெருசின் கோடு இருக்கிற இடமே தெரியவில்லை. அண்ணன் காலை ஆட்டிக்கொண்டு, "காத்து வர்ற மாதிரி டிரெட்மில்லை அந்த ரூம் ஜன்னலோரம் போடணும்" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் யாராவது டேப்லெட்டை எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எடுக்கவில்லை! வருஷம் பூராவும் ஒரு பொருளை ஒரு இடத்தில் இருக்க விடாத குடும்பம், அன்றைக்கென்று தேர்வு எழுதும் பிள்ளைகள் மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தது. போன் அடிக்கவில்லை. வாசல் மணி அடிக்கவில்லை. கோடு பாதியைத் தாண்டி, முக்காலைத் தொட்டது.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். தேன் மாதிரி ஒரு குரல் எங்கிருந்தோ வந்தது.

"அண்ணி, என்ன இன்னிக்கு உங்கம்மா கூப்பிடவே இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஐயையோ, ஆமா!" அண்ணி நிமிர்ந்தாள். "காலைல இருமிக்கிட்டு இருந்தாங்களே..." என்றபடி எட்டி, எங்கள் வீட்டு வழக்கப்படி, கைக்கு அருகில் இருந்ததை எடுத்தாள். டேப்லெட்டை. விரலால் ஒரு தள்ளு, அவளுடைய அம்மாவின் நெற்றி திரை முழுக்கத் தெரிந்தது.

"ஏய்! வை! வை அதை!" அண்ணன் அலறினான்.

"என்ன மாப்பிள்ளை, என்னைப் பார்த்ததும் இப்படிக் கத்தறீங்க?" என்றது டேப்லெட்.

"ஐயோ அத்தை, உங்களை இல்ல அத்தை, நல்லா இருக்கீங்களா அத்தை..."

அந்த அம்மாள் சொல்லும் கதை முழுவதையும் கேட்காமல் எப்படி வைக்க முடியும்? கேட்டு முடித்துத் திரும்பி வந்தால், திறந்தே வைத்திருக்கவும் என்ற வாசகம். கோடு காலி.

"இது என்ன அநியாயம்!" என்றான் அண்ணன். "இவ்வளவு சக்தி இருக்கு, ஒரு போன் பேசினா நின்னுடுமா?"

"அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்" என்றேன் சாந்தமாக.

"பரவாயில்ல. மறுபடி போடறேன். இப்பவும் இதுதான் ஜெயிக்கும்."

உண்மைதான், அப்போதும் அதுதான் ஜெயித்திருக்கும். அவ்வளவு வேகம். பெருசு மெதுவாக நடந்துகொண்டிருக்க, டேப்லெட் மறுபடி தொடங்கி, கொஞ்ச நேரத்தில் அதைப் பிடித்துவிடும் போல வந்தது. அப்போது அதிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். நான் சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. அப்பாவின் பழைய சகாக்கள் ஆன்லைனில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், அவருடைய முறை வந்துவிட்டது. நடுவர், விசில் கழுத்தில் ஆட, இயல்பாகக் குனிந்து அந்த 'டிங்'கைத் தொட்டார்.

"அப்பா!"

"என்னடா? என் முறை தாண்டிப் போச்சுன்னா ஆட்டம் போயிடும்டா."

"நடுவர் நீங்க! நடுவரே பந்தைத் தூக்கிட்டு ஓடலாமா?"

அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. தன்னைத்தானே கண்டிக்கும் விதமாக ஒரு சின்ன விசில் ஊதிக்கொண்டார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடிவிட்டாள்.

மூன்றாம் தடவை அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தான். டேப்லெட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. அண்ணி காபி கொடுத்தாள், வாயை மட்டும் நீட்டிக் குடித்தான். கோடு ஓடியது. இங்கே பெருசு முக்காலைத் தாண்டி இரைந்துகொண்டிருந்தது, ஆனால் டேப்லெட் அதை எட்டிப் பிடித்து முந்தியே விட்டது. இனி சொல்ல என் வாயில் ஒரு பொய்யும் மிச்சமில்லை. போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்கு என் மேஜை இருந்த இடத்தில் ஈரத் துண்டு தொங்கப்போகிறது என்று நினைத்தேன். அறையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஜன்னல்கூட அழகாகத் தெரிந்தது.

"வாங்க எல்லாரும்!" அண்ணன் எழுந்தான். டேப்லெட்டை ஏந்திக்கொண்டு என் அறைக்குள் வந்தான். "பாருங்கப்பா, இவ பெருசு எங்க நிக்குது, நம்மது எங்க நிக்குது! நாளைக்கு இவ இல்லேன்னு சொல்லுவா. சாட்சி வேணும். ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கறேன்."

அவனுடைய போன் சோபாவில் கிடந்தது. அவன் கையில் இருந்தது டேப்லெட். எங்கள் வீட்டில் கையில் இருப்பதைத்தான் எடுப்போம் என்று சொன்னேன் அல்லவா? டேப்லெட்டை உயர்த்திப் பிடித்தான், கேமராவைத் திறந்தான், பெருசின் திரையை அழகாக நடுவில் கொண்டுவந்து 'கிளிக்' என்றான்.

டேப்லெட்டின் கோடு மறுபடியும் காலி. பெருசு மட்டும் இரைந்தது.

"அட கடவுளே" என்றான் அண்ணன்.

படம் மட்டும் நன்றாக வந்திருந்தது. அவன் மறுபடி தொடங்குவதற்குள் பெருசு ஒரு பெருமூச்சு விட்டு வேலையை முடித்துவிட்டது. அப்பா விசில் ஊதினார். அண்ணி கை தட்டினாள், பிறகு கணவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அண்ணனுக்குத் தோற்றுப் பழக்கம் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. திடீரென்று மேஜையைத் தட்டினான்.

"டேப்லெட் தோக்கல!"

அண்ணி அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"தோத்தது நீங்க. நீங்க அதை வேலை செய்ய விடல. ஒருத்தி அம்மாவைக் கூப்பிடறா, ஒருத்தர் சீட்டாடறாரு..."

"ஒருத்தர் போட்டோ எடுக்கறாரு" என்றாள் அண்ணி.

"...இப்படி ஆளாளுக்கு நோண்டினா எது வேலை செய்யும்? எவ்வளவு சக்தி இருக்கு அதுக்குள்ள! அதுக்கு நிம்மதியா ஒரு இடம் வேண்டாமா? ஒரு மேஜை வேண்டாமா? ஆள் நடமாட்டம் இல்லாம, தொந்தரவு இல்லாம, நாலு மணி நேரம் அதைத் தனியா விட்டா அது என்னென்ன செய்யும் தெரியுமா? கதவைச் சாத்தி வெச்சுப் பாருங்க, அப்ப தெரியும் அதோட அருமை!"

இதே வார்த்தைகளை, ஏறக்குறைய இதே வரிசையில், நான் எத்தனை தடவை இந்த மேஜையில் சொல்லியிருக்கிறேன்! ஒரு நாளாவது யார் காதிலாவது ஏறியதா? மகாராணி என்றார்கள். ரகசியம் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எரிகிற வயிற்றோடு வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். தண்ணீர் குடித்தேன்.

"வாஸ்தவம்தான் அண்ணா" என்றேன். "பாவம், அதை நாம படுத்தற பாடு. ஆனா அப்படித் தனியா வைக்கறதுக்கு நம்ம வீட்ல இடம் எங்க இருக்கு?"

அவன் ஹாலைப் பார்த்தான். பால்கனியைப் பார்த்தான். கடைசியில் என் அறைக் கதவைப் பார்த்தான்.

"உன் ரூம்ல வை" என்றான். "தாழ்ப்பாள் இருக்குல்ல? போட்டுக்கோ. யாரும் வரக் கூடாது. நீ கூட இருந்து பார்த்துக்கோ."

"நானா? சரி, நீ சொல்றே. பார்த்துக்கறேன்" என்றேன், ரொம்பவும் சலித்துக்கொண்டு.

அன்று சாயங்காலமே கடையிலிருந்து ஒரு பலகை கொண்டுவந்து, என் கதவில் தன் கையாலேயே மாட்டினான். 'உள்ளே பிராசஸர் வேலை செய்கிறது. தட்டாதீர். கூப்பிடாதீர்.' அப்பா அதைப் படித்துவிட்டு, அன்றிலிருந்து அந்தக் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். அண்ணன் டிவி சத்தத்தைக் குறைக்கிறான். விருந்தாளிகள் வந்தால், "மெதுவா பேசுங்க, உள்ள டேப்லெட் இருக்கு" என்கிறான். ஒரு மனுஷிக்குத் தோன்றாத மரியாதை ஒரு சிப்புக்குத் தோன்றியிருக்கிறது. வாழ்க!

டேப்லெட் இப்போது என் மேஜையில், பெருசுக்குப் பக்கத்தில். தொந்தரவே இல்லாததால் ராட்சசன் மாதிரி வேலை செய்கிறது. தரகரின் வீடியோவை நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் துப்பிவிடுகிறது. அண்ணன் சொன்னது சரிதான், சக்தி நிஜம்தான். ஆனால் இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. "எப்ப முடியும்?" என்று வெளியிலிருந்து பயபக்தியோடு கேட்டால், "பெரிய வேலைண்ணா, சாயங்காலம் ஆயிடும்" என்கிறேன். டீ முடிந்ததும் அதை அணைத்துவிட்டு, காலை மேஜை மேல் போட்டுக்கொண்டு, சில நாள் படிப்பேன். சில நாள் தூங்குவேன். சில நாள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பேன். அதுதான் இருப்பதிலேயே சுகம்.

போன வாரம் ஒரு நாள் கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். பலகையில் தட்டாதீர் என்றுதானே இருக்கிறது, சுரண்டாதீர் என்று இல்லையே. திறந்தேன். அண்ணி. கிளினிக்கிலிருந்து வந்த சேலைகூட மாற்றவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். அணைந்து கிடந்த டேப்லெட், அணைந்து கிடந்த பெருசு, நாற்காலியில் தலையணை.

மாட்டிக்கொண்டேன்.

"அன்னிக்கு எங்கம்மா ஏன் கூப்பிடலேன்னு கேட்டியே," என்றாள், கிசுகிசுப்பாக, "அது சும்மாவா கேட்டே?"

என்ன பொய் சொல்வது என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"அண்ணி..."

"எங்கம்மா இருமவே இல்லடி. நான்தான் இருமறாங்கன்னு சொன்னேன்."

நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

"டிரெட்மில் இடிச்சா விரலுக்குத்தான் வலி" என்றாள். "இந்தக் கதவும் போயிடுச்சுன்னா நான் எங்க போய் உட்காருவேன்? அதை யோசிச்சேன்." ஹாலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். மிக்ஸியைக் கட்டிப்பிடித்து, கிளினிக்கில் அழுபவர்களைச் சமாதானப்படுத்தி, வீட்டில் மூன்று பேருக்கும் ஓடுகிற அந்தக் கைகளை முந்தானையில் துடைத்தாள். "இன்னிக்கு ரெண்டர் எவ்வளவு நேரம் ஓடும்?"

"உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும் அண்ணி?"

அவள் உள்ளே வந்து தரையில் சாய்ந்து உட்கார்ந்து கால்களை நீட்டினாள். நான் தலையணையைக் கொடுத்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வெளியே அண்ணனின் செருப்புச் சத்தம் வந்து, பலகைக்கு முன்னால் அடங்கியது.

"உள்ள எப்படிப் போகுது?" என்று மெதுவாகக் கேட்டான். "முழு சக்தியும் வேலை செய்யுதா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அதற்குள் தூங்கிவிட்டாள் போலிருந்தது.

"இல்லண்ணா" என்றேன். "இப்பத்தான் கொஞ்சம் ஓய்வெடுக்குது. சத்தம் போடாதே."

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.